மண்ணில் ஒரு புதிய பேரினம்

அலையாத்திக் காடுகளை ஒட்டிய உவர்ச்சேற்றில் வளரும் காட்டுநெல்லின் வேர்மண்ணைச் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் நைட்ரஜனற்ற வளர் ஊடகத்தில் இட்டனர். காற்றின் நைட்ரஜனைக் கவரவல்ல பாக்டீரியாக்களே அதில் செழிக்கும். அவற்றுள் சில 3 விழுக்காடு உப்பையும் தாங்கின. கரையாத பாஸ்பேட்டையும் கரைத்தன.

இவ்வியல்புகள் கொண்டே அவற்றைப் புதியவை எனலாமா? நுண்ணோக்கியில் கோலாகத் தெரியும் பாக்டீரியாக்கள் எண்ணற்றவை. ஆகவே 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவின் வரிசையை, முன்பே அறியப்பட்ட இனங்களின் வரிசைகளோடு ஒப்பிட்டனர். அசிட்டோபாக்டீரேசி குடும்பத்துள் அவை அடங்கின. ஆயினும் அக்குடும்பத்தின் எப்பேரினத்தோடும் பொருந்தவில்லை. 2004இல் 'சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ்' என்று பெயரிட்டனர். முற்சொல் வேளாண் அறிஞரைக் குறிக்கும்; பிற்சொல் உப்பைத் தாங்குவது எனப் பொருள்படும்.

புதுப்பெயர் ஏற்கப்பட, உயிருள்ள மாதிரி இரு நாடுகளின் நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் வைக்கப்படல் வேண்டும். ஐயுறும் ஆய்வாளர் அதனைப் பெற்று வளர்த்துச் சரிபார்க்கலாம்.