ஆமை புகுந்த வீடு

நுழையும்முன்

ஓர் உயிரை வளர்ப்பதற்கு அன்பு வேண்டும். அன்பு மட்டும் போதுமா? போபால் நகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்திற்கு இவ்வினா எழுந்தது. அவர்கள் கண்ட விடையைப் படித்தறிவோம்.

பாடம்

அக்டோபர் மாதத்தின் முதல் வாரம். அடுத்த வீட்டில் குடியிருந்த குடும்பத்தினர் பணிமாறுதல் பெற்றுக் குவாஹாத்திக்குப் புறப்பட்டனர். நெடும்பயணத்தில் உடன் கொண்டுசெல்ல இயலாது என்று, தாங்கள் வளர்த்த ஆமையை ஏழாம் வகுப்பு மாணவி யாழினியிடம் ஒப்படைத்தனர்.

அது ஒரு சிறிய நெகிழிக் கிண்ணத்தில் இருந்தது. கிண்ணத்தின் நடுவே நெகிழியாலான ஒரு தென்னை நின்றது. அடியில் இரண்டு விரற்கடை அளவு தண்ணீர். கண்களுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை தீட்டியது போன்ற தலையை ஓட்டிற்குள் இழுத்துக்கொண்டு, ஆமை அசையாமல் கிடந்தது.

"அக்கா, எவ்வளவு அமைதியாக இருக்கிறது, பார்!" என்று மகிழ்ந்தான் தம்பி செழியன்.

திருநெல்வேலியிலிருந்து தொலைபேசியில் பேசிய ஆச்சி மகிழவில்லை. "ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், அம்மா. அதைக் கொண்டுபோய் ஏரியில் விட்டுவிடு" என்றார்.

ஐந்து நாள்கள் கடந்தன. ஆமை எதையும் உண்ணவில்லை. அதன் இமைகள் வீங்கிக் கண்களை மூடின. யாழினிக்கு அச்சம் பிறந்தது. அப்பா அவளையும் ஆமையையும் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

மருத்துவர் ஆமையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அது நட்சத்திர ஆமை அன்று என்பதை முதலில் உறுதி செய்தார். நட்சத்திர ஆமை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். இதுவோ அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சிவப்புக்காது ஆமை, நன்னீரில் வாழ்வது. பின்னர் அவர் ஓட்டின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்தினார். கல் போல் இருக்க வேண்டிய ஓடு சற்றே அமுங்கியது.

"இது அமைதியாக இருக்கிறது என்று எண்ணினீர்களா? இது அமைதியன்று, நோய்" என்றார் மருத்துவர். அவர் இந்தியில் விளக்கியவற்றை யாழினி தன் குறிப்பேட்டில் தமிழில் எழுதிக்கொண்டாள்.

யாழினியின் குறிப்பேடு

நீர்: இது நீந்தி வாழும் உயிர். தலையை நீருக்குள் வைத்தால்தான் இதனால் உணவை விழுங்க முடியும். நீரின் ஆழம் ஓட்டின் நீளத்தைவிட மிகுதியாக இருக்க வேண்டும்.

கரை: நீரை விட்டு ஏறி, உடல் முழுவதும் உலரும்படி வெயில் காய ஓர் இடம் வேண்டும்.

ஒளி: வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் உடலில் உயிர்ச்சத்து டி உண்டாகும். அதன் துணையின்றிச் சுண்ணச்சத்து உடலில் சேராது, ஓடு மெலியும். சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும்.

வெப்பம்: ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. நீர் 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை இருத்தல் நன்று.

உணவு: உலர்ந்த இறாலை மட்டுமே உண்டுவந்ததால் உயிர்ச்சத்து ஏ குறைந்து இமைகள் வீங்கின. ஆமைக்கான உணவு மணிகள், சிறு மீன், மண்புழு, கீரை, கேரட் துருவல் எனக் கலந்து கொடுக்க வேண்டும்.

தூய்மை: ஆமையின் உடலில் சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிரி இருக்கக்கூடும். தொட்டபின் சோப்பால் கை கழுவ வேண்டும்.

அன்று மாலையே மூன்றடி நீளமுள்ள பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றை அப்பா வாங்கிவந்தார். யாழினி அதில் வழவழப்பான தட்டைக் கற்களைச் சாய்வாக அடுக்கிக் கரை அமைத்தாள். தென்னை மரம் செழியனின் மேசைக்குச் சென்றது.

மறுநாள் நண்பகலில் ஒரு தவறு நேர்ந்தது. 'வெயில் நல்லது' என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்த செழியன், சிறிது நீருடன் தொட்டியை மாடிமுகப்பில் இழுத்து வைத்துவிட்டு விளையாடச் சென்றான். கண்ணாடிச் சுவர்களுக்குள் வெப்பம் ஏறியது, நீர் சுட்டது, ஒதுங்க நிழலில்லை. ஆமை நகங்களால் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. துணி உலர்த்த வந்த அம்மா அதைக் கண்டு, தொட்டியை நிழலுக்கு இழுத்தார்.

செழியன் அழுதான். "நான் அதற்கு நல்லதைத்தானே செய்தேன்?" என்று கேட்டான்.

"நல்லதைத்தான் நினைத்தாய். கிண்ணத்தில் வளர்த்தவர்களும் நல்லதைத்தான் நினைத்தார்கள். அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர், அறியாதவர்கள்" என்றார் அம்மா.

அன்று முதல் வெயில் காயும் நேரத்தில் பாதித் தொட்டியின்மேல் பலகை வைக்கப்பட்டது. வெயிலும் நிழலும் இருந்தன. எங்கே இருப்பது என்பதை ஆமையே தேர்ந்துகொண்டது. யாழினியோ செழியனோ அருகில் அமர்ந்து காவல் காத்தனர்.

மருத்துவர் தந்த மருந்தும் தொடர்ந்தது. மூன்றாம் வாரத்தில் இமைகள் திறந்தன. ஒரு காலை, செழியன் இட்ட மண்புழுவை ஆமை பாய்ந்து கவ்வியது. டிசம்பர் வந்து போபாலில் இரவுக் குளிர் கடுமையானபோது, நீரைச் சூடாக்கும் கருவியையும் புற ஊதா விளக்கையும் அப்பா பொருத்தினார்.

ஏரியில் விட்டுவிடலாமா என்ற வினாவும் எஞ்சியிருந்தது. போபாலின் பெரிய ஏரியைச் சேர்ந்த போஜ் ஈரநிலம் 2002ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வேற்று நாட்டு ஆமையை அங்கு விட்டால், அது நம் நாட்டு ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். உலகில் பெருந்தீங்கு விளைக்கும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் சிவப்புக்காது ஆமையும் உள்ளது. இரக்கம் என்று எண்ணி அதை ஏரியில் விடுவது ஏரிக்குச் செய்யும் தீங்காகும்.

"இது இருபது, முப்பது ஆண்டுகள் வாழும், ஓரடி நீளம் வரை வளரவும் கூடும்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். யாழினி நான்கு ஊர்களில் படித்தவள். ஒவ்வோர் ஊரிலும் ஏதேனும் ஒன்றை விட்டுவிட்டு வந்தவள். ஓரிரவு அவள் மெல்லக் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு மறுபடியும் மாறுதல் வந்தால்?"

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "சாமான்கள் பட்டியலில் தொட்டியையும் எழுதிக்கொள்" என்றார்.

பொங்கலன்று ஆச்சி தொலைபேசியில் அழைத்தார். ஆமை கல்லின்மேல் ஏறி, நான்கு கால்களையும் நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஆச்சி, வீட்டிற்குள் புகக்கூடாத ஆமை எது என்று கண்டுபிடித்துவிட்டோம். அதன் பெயர் அறியாமை" என்றாள் யாழினி.

மறுமுனையில் ஆச்சி சிரித்தார். "சரி, சரி. பொங்கலும் அதுவுமாக அந்தப் பிள்ளைக்கு இன்று என்ன கொடுத்தீர்கள்? அதைச் சொல்" என்றார்.

சொல்லும் பொருளும்

நெகிழி – பிளாஸ்டிக்
விரற்கடை – விரலின் அகல அளவு
மாடிமுகப்பு – பால்கனி
பிறாண்டுதல் – நகத்தால் கீறுதல்
ஈரநிலம் – நீர் தேங்கி நிற்கும் நிலப்பகுதி

மொழிப்பயிற்சி

அறிதல் என்பதன் எதிர்மறை அறியாமை. இவ்வாறு வருவது எதிர்மறைத் தொழிற்பெயர். கல்லாமை, கொல்லாமை, வெகுளாமை ஆகியவை திருக்குறள் அதிகாரங்களின் பெயர்கள். கீழ்க்காண்பவற்றை எதிர்மறைத் தொழிற்பெயர்களாக மாற்றுக.
1. இயலுதல்  2. செய்தல்  3. உண்ணுதல்  4. பேசுதல்

சிந்தித்து விடையளிக்க

1. ஆமை அசையாமல் கிடந்ததைச் செழியன் எவ்வாறு புரிந்துகொண்டான்? உண்மை யாது?
2. ஆமையை ஏரியில் விடுவது ஏன் தவறு?
3. "சாமான்கள் பட்டியலில் தொட்டியையும் எழுதிக்கொள்" என்ற விடையிலிருந்து நீ உணர்வது யாது?
4. உன் வீட்டிலோ தெருவிலோ வாழும் ஓர் உயிருக்கு நீர், நிழல், உணவு ஆகியவை போதிய அளவு உள்ளனவா? ஒரு வாரம் கவனித்துப் பத்து வரிகளில் எழுதுக.