அத்தை கேட்ட கேள்வி

அன்புள்ள அகரம் வாசகிக்கு,

கடிதம் கிடைத்தது. முத்தாலம்மன் திருவிழா முடிந்து, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், உங்கள் கொல்லைக் கதவோரம் சாம்பல் நிறப் பெட்டைப் பூனை ஒன்று வந்து ஒதுங்கியிருக்கிறது. நீங்கள் தட்டை எடுக்கும்போதே, "இன்னைக்குச் சோறு வெப்பே, நாளைக்குக் குட்டி போட்டா யாரு பாக்குறது?" என்று அத்தை கேட்டுவிட்டார். யார் பக்கம் நியாயம் என்று கேட்கிறீர்கள். உங்கள் மனசு நல்ல மனசு. ஆனால் அத்தையின் கேள்வி சரியான கேள்வி.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எனக்கு ஏழெட்டு வயது. வந்த பூனைக்குப் பாலும் சோறும் வைத்தோம். மாட்டுக்கொட்டகையில் நாலு குட்டி போட்டது. கண் திறந்து ஓடத் தொடங்கியதும் பெரியவர்கள் அவற்றைச் சாக்கில் கட்டி, குடகனாற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தார்கள். தாய்ப்பூனை அடுப்படிக்கும் கொட்டகைக்குமாக ராத்திரியெல்லாம் கத்திக்கொண்டு அலைந்தது. அடுத்த ஈத்துக்கும் அதே சாக்குதான். வீட்டில் கல்நெஞ்சர் யாரும் இல்லை. பால் ஊற்றிய கைதான் சாக்கின் வாயையும் கட்டியது.

அப்படி விட்டுவிட்டு வருவதைச் சட்டமும் ஏற்பதில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் ‘உரிமையாளர்’ என்பவர் விலை கொடுத்து வாங்கியவர் மட்டுமல்ல, அப்போதைக்கு அந்த உயிரைத் தன் வசம் வைத்திருப்பவரும்தான். பட்டினி கிடக்கும்படி ஓரிடத்தில் அதை விட்டுவிட்டு வருவது குற்றம்.

அத்தையின் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். பெட்டைக்கு ஐந்தாறு மாதத்திலேயே பருவம் வந்துவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். ஒரே ஈத்தில் இரண்டு கடுவன்களின் குட்டிகள் பிறப்பதும் உண்டு. பாரதி ‘முரசு’ பாட்டில் ஒரு பூனைக்குப் பல நிறத்தில் குட்டிகள் பிறந்ததாகப் பாடியதில் கற்பனையே தேவைப்பட்டிருக்காது. வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈத்து என்றால், எத்தனை சாக்கு வேண்டும்?

அதனால் வீட்டுக்குள் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம். கருத்தடை ஆபரேஷனுக்கு யார் கூட்டிப்போவது என்பதை இன்றைக்கே பேசிவிடுங்கள். திண்டுக்கல் அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள். அங்கே செய்வதில்லை என்றால் எங்கே செய்வார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் அக்கம்பக்கத்தில் கேளுங்கள், யார் வீட்டுப் பூனையாவது வழி தவறி வந்திருக்கலாம். காது நுனி நேராக வெட்டுப்பட்டிருந்தால் ஏற்கெனவே ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாக இருக்கக்கூடும். வயிற்றையும் பாருங்கள். காம்புகள் பருத்து, சுற்றிலும் முடி உதிர்ந்திருந்தால் எங்கோ குட்டிகள் காத்திருக்கக்கூடும். பாவம் பார்த்து அதை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், அவை பசியில் செத்துப்போகும். அவை பால் மறக்க இரண்டு மாதம்போல ஆகும். ஆபரேஷன் அதற்கப்புறம்.

சோறு தாராளமாக வையுங்கள். ஆனால் குழம்பு ஊற்றிப் பிசையாதீர்கள். நம் பக்கத்துச் சின்ன வெங்காயம் நமக்குத்தான் ருசி. பூனையின் ரத்தத்தை அது கெடுக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றோட்டம்தான் தரும். உப்பும் காரமும் போடாமல் வேகவைத்த கோழியோ மீனோ, முள் எடுத்து, கொஞ்சம் சோற்றோடு வைத்தால் போதும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். தினமும் ஒரே நேரத்தில் வைத்து, அரை மணியில் தட்டை எடுத்துவிடுங்கள்; எலியும் எறும்பும் வராது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் புகாருக்கு வேலையிருக்காது. அது சோர்ந்து கிடந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். பிறாண்டினாலோ கடித்தாலோ பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். பூனையாலும் அந்த நோய் வரும்.

வீட்டுக்குள் சேர்ப்பதைப் பூனையிடமே விட்டுவிடுங்கள். இரண்டு மாதத்துக்குள் கைக்கு வந்த குட்டி மனிதரோடு ஒட்டிக்கொள்ளும். தெருவில் வளர்ந்து, கிட்டப்போனால் சீறுகிற பூனைக்கு நான்கு சுவர் ஜெயில்தான். கொல்லையில் ஒரு சாக்கு விரிப்பும், வேளைக்குச் சோறும், குட்டி போடாத உடம்பும் அதற்குப் போதும்.

அத்தையிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். "ஆபரேஷனுக்குக் கூடையில வெச்சு நானே தூக்கிட்டுப் போறேன் அத்தை" என்று நீங்கள் சொன்னால், அநேகமாக அன்றைக்குத் தட்டு வைப்பது அவராகத்தான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்