சர்க்கரைக் குறடு

கேள்வி: இங்கிலாந்தில் பிரபு ஒருவரின் பழைய மாளிகையைச் சுற்றிப் பார்த்தபோது, அடுக்களை மேஜைமீது நம் பாக்குவெட்டியைப் பெரிதாக்கினாற்போன்ற ஓர் இரும்புக் குறட்டைக் கண்டோம். பல் பிடுங்குவதற்காக இருக்கும் என்கிறார் என் கணவர். மெய்தானா? (ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: பல்லைப் பிடுங்க அல்ல அம்மணி, பல்லைக் கெடுக்கும் வஸ்துவை நறுக்க! நுனியில் துவாரமிட்ட கூம்பு அச்சில் பாகை வார்த்து, தலைகீழாக நிறுத்திக் கசண்டை வடியவிட்டு, கல்லாய் இறுகியபின் எடுத்த வெண்சர்க்கரைக் கூம்பைத்தான் அந்நாளில் ஐரோப்பியக் குடும்பங்கள் வாங்கின. பருக்கைக் கல் என்று பொருள்படும் 'சர்க்கரா' என்னும் வடசொல்லே பாரசீகம், அரபு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்று இப்பகுதியில் பன்முறை எழுதியிருக்கிறேன். அந்தப் பெயர் எத்தனை பொருத்தமென்பதற்கு நீங்கள் கண்ட குறடே பிரத்தியட்ச சாட்சி.

அக்கூம்பைச் சுற்றிவந்த நீலக் காகிதத்தின் விசித்திரத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வெண்மையை எடுத்துக்காட்டவென்று வியாபாரிகள் சுற்றிய அந்தக் காகிதத்தையும் வீணாக்காமல், நீரில் ஊறவைத்துச் சாயத்தை இறக்கித் துணிக்கு ஏற்றிக்கொண்ட சிக்கனக்கார இல்லத்தரசிகள் இருந்தார்கள். அவர்களை நான் மனமாரப் போற்றுகிறேன்.

இன்று செக் நாட்டிலுள்ள தாச்சிட்சே என்னும் ஊரில், சர்க்கரைக் கூம்பை உடைக்கப்போய் விரலை வெட்டிக்கொண்ட மனைவியின் முறையீட்டைக் கேட்டு, ஆலை நிர்வாகி யாக்கோப் கிறிஸ்டோப் ராட் சதுரக் கட்டிகளை அச்சிடும் முறையைக் கண்டு, 1843-இல் அதற்கு உரிமையும் பெற்றார் என்பது வழங்கிவரும் வரலாறு. அவ்வூரில் சர்க்கரைக் கட்டிக்கே ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. விரலை வெட்டிக்கொண்ட அம்மையாருக்கும் அருகிலேயே ஒன்று எழுப்பியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கேள்வி: அது கிடக்கட்டும், சென்னையிலுள்ள என் மாமியார் சீனியை 'அஸ்கா' என்கிறாரே, ஏன்?

பதில்: முன்னே சென்னை ராஜதானியில் சேர்ந்திருந்து, 1936-இல் ஒரிசாவோடு இணைந்த கஞ்சம் ஜில்லாவில் அஸ்கா என்றோர் ஊர் உண்டு. அங்கிருந்த ஆலையின் வெள்ளைச் சர்க்கரை புகழ்பெறவே, ஊரின் பெயர் பண்டத்தின் பெயராயிற்று. உங்கள் ஊர்ச் சீனி மட்டும் என்ன, சீன தேசத்தின் பெயரைத்தானே சுமக்கிறது! மாமியாரிடம் இன்னொன்றும் விசாரித்துப் பாருங்கள்: அவர்கள் வீட்டில் மண்டை வெல்லத்தை எதனால் உடைத்தார்கள் என்று. அம்மிக் குழவியைத்தான் காட்டுவார்.