முதல் பழைய வண்டி: எதைப் பார்த்து வாங்கணும்?



எங்க மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு யெஸ்டி நிற்கிறது. இரண்டு சைலன்சர், உருண்டை டேங்க், பார்க்கவே கம்பீரம். 9,000 ரூபாய்க்குக் கிடைத்தது என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். நாலு வருஷம் ஆச்சு, இன்னும் ரோட்டைப் பார்க்கவில்லை. அதன் சீட்டில் இப்போ கோழி அடை காக்குது. அது ஏன் ஓடவில்லை என்று தெரிந்துகொண்டால், பழைய வண்டி வாங்குவதில் பாதிப் பாடம் முடிந்தது.

முதல் காரணம் ஆர்.சி. புத்தகம். மாமா வாங்கும்போது அதில் இருந்தது இரண்டு கை மாறிப்போன பழைய ஆளின் பெயர். அவர் இறந்தும் விட்டார். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான். அதற்குமேல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். பெயர் மாற்ற 29, 30 என்ற இரண்டு படிவத்திலும் விற்பவர் கையெழுத்து வேணும். கையெழுத்துப் போட ஆளே இல்லை என்றால் என்ன செய்வது? அதனால் இன்ஜினைப் பார்க்கும் முன் புத்தகத்தைப் பாருங்கள். அதில் உள்ள இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு, அழுக்கைத் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

இரண்டாவது, இல்லாத சாமான். மாமா வண்டியில் கார்புரேட்டர் இல்லை, மீட்டர் இல்லை, பக்கவாட்டு மூடி ஒன்று இல்லை. மைசூரில் யெஸ்டி செய்த ஐடியல் ஜாவா கம்பெனி 1996-லேயே மூடியாச்சு. 2022-ல் யெஸ்டி என்ற பெயரில் வந்தது வேறு வண்டி, அதன் சாமான் இதற்குச் சேராது. சென்னை புதுப்பேட்டை வரை தேடியும் இரண்டு பொருள்தான் கிடைத்தது. துருப்பிடித்த பாகத்தைத் தேய்த்து எடுக்கலாம். இல்லாத பாகத்தை என்ன செய்ய? வண்டி மலிவாகக் கிடைத்தால், அதில் என்னென்ன குறைகிறது என்று எண்ணிவிட்டு அப்புறம் சந்தோஷப்படுங்கள்.

மூன்றாவது காரணம் இயற்பியல் பாடத்தோடு சேர்ந்தது. யெஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100 எல்லாம் டூ ஸ்ட்ரோக். பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் அடியில் உள்ள கிராங்க் கேஸுக்குள் வருகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அழுத்தப்பட்டு, பக்கவழியாக மேலே ஏறுகிறது. ஆக, கிராங்க் கேஸ் காற்றுப் புகாத டப்பா மாதிரி இருக்கணும். கிராங்கின் இரண்டு பக்கமும் உள்ள ரப்பர் சீல்தான் அதைக் காக்குது. வண்டி வருஷக்கணக்கில் நின்றால் சீல் காய்ந்து விறைத்துவிடும். வெளிக்காற்று புகும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், கடைசியில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துவிடும். கிளட்ச் பக்க சீல் போனாலோ கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகையாகத் தள்ளும். சீல் சின்ன விலைதான். ஆனால் அதை மாற்றக் கூலி தனி! மாமா அந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சரி, எதை வாங்கலாம்? ஆர்.எக்ஸ். 100 எல்லாருக்கும் ஆசை, அதனாலேயே விலை நமக்கு எட்டாது. புல்லட்டும் அப்படித்தான். அண்ணனும் நானும் மூன்று வருஷமாகச் சேர்த்தது 16,500 ரூபாய். நாங்கள் தேடுவது ஹீரோ ஹோண்டா சி.டி. 100. சிரிக்காதீங்க! 1985-ல் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. அதே 97 சி.சி. இன்ஜின் குடும்பம்தான் 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டரிலும். ஸ்ப்ளெண்டர் இல்லாத ஊர் உண்டா? அதனால் இன்ஜின் சாமான் பலவும் பக்கத்துக் கடையிலேயே கிடைக்குது. பெட்ரோலில் ஆயில் கலக்கவும் வேண்டாம்.

பட்டறை அண்ணன் ஒன்று சொன்னார்: "தம்பி, 'எத்தனை தடவை போர் போட்டிருக்கு'ன்னு மறக்காமக் கேளு." தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கடைந்து, 0.25 மி.மீ. பெரிய பிஸ்டன் போடுவார்கள். அப்படியே 0.50, 0.75 என்று போய் ஒரு மி.மீ. வந்தால் அநேகமாக முடிந்தது. புது ஸ்லீவ்தான் போடணும். டேங்க் உள்ளே துரு இருக்கா என்று டார்ச் அடித்தும் பார்க்கச் சொன்னார். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் ஆட்களும் இருக்காங்களாம்!

பக்கத்து ஊரில் ஒரு சி.டி. 100 இருக்கு. வண்டிக்காரர் 14,000 சொல்றார். ஆர்.சி. அவர் பெயரிலேயே, ஆனால் புதுப்பிக்காமல் கிடக்கு. அந்தச் செலவு எவ்வளவு என்று அண்ணன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்கப் போயிருக்கிறான். 18 வயசு ஆகும்வரை சாவியைத் தொடக்கூடாது, ஸ்பானரை மட்டும் தொடலாம் என்பது அம்மாவின் உத்தரவு. எனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கு. ஞாயிறு காலை டார்ச்சோடு போகிறோம். கூட வர விருப்பம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும்.

— மாணவன், 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு