கட்டி இறுக்கம், கலமோ மென்மை

சாய்ந்தமருதில் ஒருத்தியின் மார்பில் கட்டி தட்டுப்பட்டால், டொக்டரிடம் போகுமுன்பே உம்மாவோ ராத்தாவோ தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "கல்லுப்போல இல்லைதானே, பயப்படாதே." இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். ஆகவே இப்படியான தீர்ப்புகளை உரசிப் பார்ப்பது நல்லது.

நம்பிக்கை: கட்டி இறுகியிருந்தால் அதன் கலங்களும் இறுகியவை.

உண்மை: பெரும்பாலும் நேர்மாறு. விரலில் படும் இறுக்கம், முக்கியமாகக் கலங்களைச் சுற்றி அடர்ந்து பின்னிக்கொள்ளும் கொலாஜன் நாருடையது. தனிக் கலத்தின் விறைப்பை அளக்க உதவுவது அணுவிசை நுணுக்குக்காட்டி. பின்னிக், குவேட், கேர்பர் ஆகிய மூவரும் 1986இல் அறிமுகப்படுத்திய கருவி இது. நுண்ணிய நெம்பு ஒன்றின் நுனி கலத்தை மெல்ல அழுத்தும். நெம்பு வளையும் அளவை அதன் முதுகில் பட்டுத் தெறிக்கும் லேசர் ஒளி காட்டிக்கொடுக்கும். 2007இல் லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயாளிகளின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரில் இருந்த கலங்களை இப்படி அழுத்தினார்கள். நல்ல கலங்கள் ஏறத்தாழ 2 கிலோபஸ்கால் காட்டின. பரவிவந்த புற்றுநோய்க் கலங்கள் காட்டியது சுமார் 0.5தான்.

நம்பிக்கை: மென்மையான கலம் பலவீனமானது.

உண்மை: அந்த மென்மை அதற்கு வசதி. பேய்க்கணவாய் பாறை இடுக்கில் உடலை நெளித்து நுழைவதுபோல, இளகிய கலம் இழையத்தின் இடைவெளிகளுக்குள் புகுந்து போகும். சென்னை ஐஐடியில் படித்து, உலோகங்கள் களைத்து உடைவதை ஆராய்ந்தவர் சுப்ரா சுரேஷ். அவர் ஜேர்மன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரை, கணையப் புற்றுநோய்க் கலத்தின் கெரட்டின் இழைகள் கருவைச் சுற்றி ஒதுங்கும்போது கலம் இலகுவாக வளைந்துகொடுப்பதை விளக்கியது.

நம்பிக்கை: ஊசியோ கத்தியோ பட்டால் புற்றுநோய் பரவும்.

உண்மை: பரவும் தன்மை கலத்துக்குள் நேர்ந்த மாற்றங்களால் வருவது. சோதனைக்கு இழையத் துண்டு எடுக்கும் பயொப்சி ஊசியின் தடத்தில் கலங்கள் தங்கிப் புற்றாக வளர்வது அரிது. ஊசிக்குப் பயந்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் நோய்க்கு இடம்கொடுக்கிறது.

நம்பிக்கை: புதிய கருவி வந்துவிட்டது, இனிப் பயொப்சி வேண்டாம்.

உண்மை: 2012இல் சுவிற்சர்லாந்தின் பாசல் ஆய்வாளர்கள் மார்பக இழையத்தை அணுவிசை நுணுக்குக்காட்டியால் அளந்தார்கள். நல்ல இழையமும் தீங்கற்ற கட்டியும் எங்கும் ஒரே சீரான விறைப்பைக் காட்டின. புற்றுநோய்க் கட்டியிலோ மென்மையும் இறுக்கமும் கலந்திருந்தன. ஆனால் அவர்கள் அளந்ததே பயொப்சியில் எடுத்த துண்டுகளைத்தான். நுனியின் வடிவம், அழுத்தும் வேகம், கலம் எதன்மேல் இருக்கிறது என்பவை மாறினால் அளவும் மாறும். இன்றும் முடிவு சொல்பவர் இழையத்தைச் சாயமேற்றிப் பார்க்கும் நோயியல் நிபுணர்.

நம்பிக்கை: வலிக்காத கட்டி, மிருதுவான கட்டி ஆபத்தில்லை.

உண்மை: மார்பகப் புற்றுநோய்க் கட்டிகள் பல வலியில்லாமலே தொடங்குகின்றன, சில மிருதுவாகவும் இருக்கும். இறுக்கமான கட்டிகள் எல்லாம் புற்றுநோயும் அல்ல. தொட்டுப் பார்த்து இதைப் பிரித்தறிய யாராலும் முடியாது.

ஆகவே ராத்தாவின் தீர்ப்போடு நின்றுவிடாதீர்கள். புதிதாக ஒரு கட்டி தென்பட்டால் குடும்பநல மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள். அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பெண்களுக்கான கிளினிக்குக்கோ கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ போய்க் காட்டுங்கள். பயொப்சி செய்யச் சொன்னால் தயங்காமல் செய்துகொள்ளுங்கள்.