குசினியிலும் ஒரு பாலன் குடில்

(திருவருகைக் காலக் குடும்பப் பாடம்)



நத்தார் நெருங்குகின்றது. ஆலய முற்றத்திலே நட்சத்திரம் ஏறிவிட்டது. வீட்டு விறாந்தையிலே பாலன் குடிலுக்கு இடம் ஒதுக்கியாயிற்று. பிள்ளைகள் வாசலிலே கடதாசிச் சோடனை கட்டுகின்றார்கள். ஆனால் வீட்டின் பின்புறத்திலே புகை படிந்து நிற்கும் குசினியைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்?

முன்னொரு திருவருகைக் காலத்திலே வீடு சந்திக்கச் சென்றிருந்தபோது, ஒரு தாய் தேநீர்க் கோப்பையைக் கையிலே தந்துவிட்டுச் சொன்னார்: "சுவாமி, சோடனையெல்லாம் முன்னுக்குத்தான். நத்தாருக்கு முதல்நாள் விடியத் தொடங்கி அடுத்தநாள் பின்னேரம் மட்டும் நான் குசினிக்குள்ளேதான் நிற்கிறன். பாலன் பிறந்தது எனக்குப் பானை சட்டிச் சத்தத்துக்குள்ளேதான் கேட்கும்." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து என் மனத்திலே கிடந்த விடயத்தையே இன்று பாடமாக எழுதுகின்றேன்.

தீவனத் தொட்டியும் அடுப்படியும்

மரியாள் தம் மகனைத் துணிகளில் பொதிந்து தீவனத் தொட்டியிலே கிடத்தினார் என்று புனித லூக்காஸ் எழுதுகின்றார். தீவனத் தொட்டி என்பது என்ன? அது உணவு வைக்கும் பாத்திரம். பெத்லகேம் என்ற ஊர்ப் பெயருக்கு எபிரேய மொழியிலே 'அப்பத்தின் வீடு' என்பது பொருள். பின்னாளிலே தம்மையே உணவாகத் தரவிருந்தவர், உணவின் பெயர் கொண்ட ஊரிலே, உணவு வைக்கும் பாத்திரத்திலே முதன்முதலாகக் கிடத்தப்பட்டார்.

இன்னுமொரு செய்தி. நாம் 'சத்திரம்' என்று வாசித்துப் பழகிய இடத்திலே லூக்காஸ் எழுதிய கிரேக்கச் சொல் 'கத்தாலுமா' என்பதாகும். கடைசி இராப்போசனம் நிகழ்ந்த அறைக்கும் அவர் இதே சொல்லைத்தான் வழங்குகின்றார். நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த சத்திரத்துக்கோ வேறு சொல்லை எழுதுகின்றார். ஆகவே இடமில்லாமற் போனது வீட்டின் விருந்தினர் அறையிலேயே என்று வேத அறிஞர் பலர் கருதுகின்றனர். அந்நாளைய எளிய வீடுகளிலே ஒரே கூரையின் கீழ் ஒருபுறம் குடும்பமும், சற்றுத் தாழ்ந்த மறுபுறம் இரவிலே ஆடுமாடுகளும் தங்கும். தீவனத் தொட்டி இரண்டுக்கும் இடையிலே இருக்கும். இவ்விளக்கத்தின்படி பார்த்தால், விருந்தினருக்கென ஒழுங்கு செய்த அறையிலல்ல, குடும்பம் உண்டு உறங்கிப் புழங்கிய இடத்திலேதான் பாலன் பிறந்திருக்க வேண்டும்.

அப்படியாயின் நமது வீட்டிலே பெத்லகேமுக்கு மிக அண்மையான அறை எது? விறாந்தையா, குசினியா? நீங்களே சொல்லுங்கள்.

கிரேச்சோவிலே நடந்தது

பாலன் குடிலின் சரித்திரமும் இதையே கற்பிக்கின்றது. 1223ஆம் ஆண்டு நத்தார் இரவிலே, இத்தாலி நாட்டின் கிரேச்சோ என்னும் சிற்றூரிலே, புனித பிரான்சிஸ் அசிசியார் ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும், ஓர் எருதும் ஒரு கழுதையும் கொண்டுவரச் செய்தார். சுரூபங்கள் எவையும் அங்கில்லை. அந்தத் தொட்டியின் மேலே திருப்பலி நிறைவேறியது. விலை கொடுத்து வாங்கிய அலங்காரம் ஒன்றேனும் அங்கே இருந்ததாகத் தெரியவில்லை. கிராமத்திலே கைக்கெட்டியவையே எல்லாம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு டிசெம்பர் 1ஆந் திகதி அதே கிரேச்சோவுக்குச் சென்று, பாலன் குடிலைப் பற்றி ஒரு திருமடல் வெளியிட்டார். வீடுகளிலே மட்டுமன்றி, வேலைத்தலங்கள், பாடசாலைகள், மருத்துவமனைகள், சிறைச்சாலைகளிலும் குடில் அமைக்கும்படி அதிலே ஊக்குவித்தார். குசினியும் ஒரு வேலைத்தலம் அன்றோ? அதுவும் சம்பளமோ விடுமுறையோ இல்லாத வேலைத்தலம்!

காசில்லாத சோடனை

"சுவாமி, சாமான் விற்கிற விலையிலே குசினிக்குச் சோடனையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே, ஓராண்டுக்குள் உணவுப் பொருள்களின் விலை ஏறக்குறைய இரு மடங்கானதை நாம் மறக்கவில்லை. மாரியிலே வாடைக்காற்று எழுந்து கடல் கொந்தளித்தால், தோணி கரையிலேதான் நிற்கும். எனவே கீழே சொல்லப்படுபவற்றுக்கு நம் தீவிலும் கரையிலும் வயற்புறத்திலும் கிடைப்பவை போதும். கடன்பட்டுச் சோடிப்பதைப் பாலன் கேட்கவில்லை.

1. துப்புரவு. முதற் சோடனை இதுவே. ஒட்டறை தட்டுங்கள். புகை படிந்த சுவருக்கு நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, துணியிலே வடித்து, கைப்பிடி உப்புச் சேர்த்துப் பூசுங்கள். சுவர் வெளுக்கும், அறையிலே வெளிச்சமும் கூடும். சுண்ணாம்பு கண்ணிலே தெறியாதபடி கவனம். பித்தளைப் பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேயுங்கள். துலக்கிய செம்பு ஒன்று தட்டிலே இருந்தால் அதைவிட வேறு மினுக்கம் வேண்டியதில்லை.

2. நட்சத்திரம். ஒரு சாண் நீளமான ஆறு ஈர்க்குகளை எடுங்கள். மூன்று மூன்றாகச் சேர்த்து முனைகளை நூலாற் கட்டினால் இரண்டு முக்கோணங்கள் வரும். ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் வைத்துச் சேர்த்துக் கட்டினால் அறுமுனை நட்சத்திரம். பாலன் பிறந்தது தாவீதின் ஊரிலே என்பதற்கு அது பொருத்தமான அடையாளம். வார்ந்த பனங்குருத்தோலையை அதன்மேற் சுற்றலாம். குருத்து ஞாயிறுக்குச் சிலுவை பின்னத் தெரிந்த கைகளுக்கு இது பெரிய காரியமல்ல. மஞ்சள் நிறம் வேண்டுமானால் மஞ்சள் தூள் கரைத்துக் கொதித்த நீரிலே ஓலையைத் தோய்த்து நிழலிலே உலர்த்துங்கள். ஒரு பனையிலே ஒரு குருத்துக்கு மேல் வெட்டாதீர்கள். மரமும் வாழ வேண்டும்.

3. குடில். வாய் உடைந்த பழைய பானையைத் தட்டிலே சரித்து வையுங்கள். குகை ஆயத்தம். பாதிச் சிரட்டையே தொட்டில். குளத்துக் களியைப் பிசைந்து பிள்ளைகளே உருவங்கள் செய்யட்டும். நானாட்டான், முருங்கன் பக்கத்தார்க்கு வைக்கோலுக்குக் குறைவில்லை. கரையோரத்தார் சிப்பி, சோகி பொறுக்கலாம். முன்னொரு காலம் அரிப்புக் கரையிலே குளித்தெடுத்த முத்துக்கள் அரசர்களுக்கும் வியாபாரிகளுக்கும் போயின. வெறுஞ் சிப்பியாவது நம் பாலனுக்கு இருக்கட்டும். உயிருள்ள சிப்பியையும் பவளப் பாறையையும் தொடவேண்டாம். கழுதை எப்படியிருக்கும் என்று மன்னார்ப் பட்டினத்துப் பிள்ளைகளுக்குப் படம் காட்டவும் வேண்டியதில்லை. தெருவிலே தினமும் காண்கின்றார்கள். நற்செய்தியிலே எருதும் கழுதையும் சொல்லப்படவில்லை. தம் எசமானின் தொட்டியை அவை அறியும் என்ற இசாயாஸ் தீர்க்கதரிசியின் வாக்கை நினைந்தே முன்னோர் அவற்றைக் குடிலிலே சேர்த்தனர். ஊரார் விரட்டுகின்ற அந்தப் பிராணிக்கும் பாலனுக்கருகே இடம் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

4. திருவருகை வளையம். 1839ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலே, ஏழைப் பிள்ளைகளின் இல்லமொன்றை நடத்திய விக்கேர்ன் என்ற லூதரன் சபைப் போதகர், நத்தார் எப்போது வரும் என்று நாளும் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சில்லிலே மெழுகுதிரிகளை ஏற்றினார். பின்பு அவ்வழக்கம் நம் திருச்சபையிலும் பரவியது. நாம் பழைய கயிற்றைச் சுருட்டி வட்டமாக்கி, வேப்பங்கொத்து செருகி, நான்கு திரிகளை வைக்கலாம். ஊதாத் திரி மூன்றும் ரோசாத் திரி ஒன்றும் கிடையாவிட்டால், வெள்ளைத் திரிகளின் அடியிலே அந்நிறத் துணித்துண்டுகளைக் கட்டுங்கள். கயிறும் கொத்தும் எளிதிற் தீப்பற்றும். ஆகையால் ஒவ்வொரு திரியையும் மணல் நிரப்பிய சிறு போத்தலிலே நிறுத்தி, சாப்பாட்டு மேசையிலே வைத்து, செபம் முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

5. வெறுந் தொட்டில். திருவருகையின் முதல் ஞாயிறு சிரட்டைத் தொட்டில் வெறுமையாக இருக்கட்டும். வீட்டிலே யாராவது ஒரு நற்செயல் செய்தால், உதாரணமாக அம்மாவுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தால், தம்பியோடு சண்டையை நிறுத்தினால், ஒரு வைக்கோல் துண்டை அதிலே இடலாம். நத்தார் இரவிலே பாலன் மெத்தையிலே படுப்பாரா, வெறுஞ் சிரட்டையிலா என்பது வீட்டாரின் கையிலே இருக்கின்றது.

6. பிடி அரிசிப் பானை. அழகாகச் சுண்ணாம்பிலே சிலுவையோ நட்சத்திரமோ வரைந்த ஒரு சிறு பானையை அரிசிப் பெட்டிக்கருகே வையுங்கள். சோறு சமைக்கும் ஒவ்வொரு நாளும் உலையிலே இடுமுன் ஒரு பிடி அதற்குள் போகட்டும். ஒரு பிடி 40 கிராம் என்று கொண்டாலும், 25 நாளிலே ஒரு கிலோ சேரும். அது நத்தாருக்கு முதல்நாள் ஒரு விதவையின் வீட்டுக்கோ, கடலிலே தந்தையை இழந்த பிள்ளைகளின் வீட்டுக்கோ செல்லட்டும். கொடுப்பது அயலாருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை

குசினி தீ இருக்கும் இடம். ஓலைக் கூரையோ, ஓலைத் தட்டியோ உள்ள குசினியிலே இன்னும் கவனம் தேவை. அடுப்பிலிருந்து குறைந்தது மூன்று முழத்துக்குள் கடதாசி, ஓலை, துணி எதுவும் தொங்கலாகாது. அடுப்புக்கு நேர் மேலே எதையும் கட்ட வேண்டாம். 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலே நாட்டின் பல பாகங்களிலும் எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்ததை மறந்துவிடாதீர்கள். வாயு மணம் வந்தால் திரியும் ஏற்றாதீர்கள், மின்விசையையும் தொடாதீர்கள், கதவு யன்னலைத் திறந்துவிடுங்கள். மின் விளக்குச் சரங்கள் தண்ணீர்த் தொட்டிக்கருகே வேண்டாம். பண்டிகை முடிந்தபின் மினுங்கற் கடதாசியையும் றிஜிபோமையும் அடுப்பிலே போடாதீர்கள். அப்புகை நஞ்சு. சூடுபட்டால் 20 நிமிடம் ஓடுகின்ற குளிர்ந்த நீரிலே பிடியுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். காயம் பெரிதானால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கூரையில்லாத நத்தார்கள்

இந்தக் கரை சோடனையில்லாத நத்தார்களையும் கண்டிருக்கின்றது. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி இரவு பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்து, நம் தீவையும் தாக்கியது. மூன்றாம் நாள் நத்தார். எத்தனையோ வீடுகளுக்குக் கூரையே இல்லை. 1990களிலே நம் மக்கள் பலர் மடுத் திருப்பதிச் சூழலிலும், கடல் கடந்து தமிழ்நாட்டிலும் அகதி முகாம்களிலே நத்தாரைக் கொண்டாடினார்கள். மூன்று கல்லும் ஒரு பானையும் இருந்த இடமே அவர்களுக்குக் குசினி, அதுவே வீடு. அந்த அடுப்படியிலும் பாலன் பிறக்காமல் விடவில்லை. அந்த நாட்களை அறிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டிலே இருந்தால், இம்முறை குடில் கட்டும்போது அவர்களை அருகே இருத்திப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

தலையாய சோடனை

பாரிஸ் நகரக் கார்மேல் மடத்திலே லோரன்ஸ் என்றொரு சகோதரர் வாழ்ந்தார். 1691ஆம் ஆண்டு இறந்தார். கால் ஊனமுற்றவர். குசினி வேலை அவருக்கு இயல்பிலே பிடிக்காது. ஆயினும் அங்கே ஆண்டுக்கணக்காக உழைத்து, பாத்திரங்களின் நடுவிலும் இறைவனோடு பேசப் பழகிக்கொண்டார். இதைத் தாய்மாருக்கு ஆறுதலாகச் சொல்கின்றேன். தந்தைமாரே, பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அம்மா குசினியிலே இறைவனைக் காணலாம் என்பதற்காக, அவரை அங்கேயே விட்டுவிட்டு நாம் மட்டும் பூசைக்குப் போவது நியாயமாகாது.

ஆகவே ஏழாவதாக ஒரு சோடனை சொல்கின்றேன். நத்தாருக்கு முதல்நாள் பலகாரங்களில் இரண்டைக் குறையுங்கள். தேங்காய் துருவுவதைத் தந்தை செய்யட்டும். பாத்திரங்களைப் பையன்கள் கழுவட்டும். நடுச்சாமப் பூசைக்கு மணி அடிக்கும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும். குசினிக் கதவைச் சாத்திவிட்டு, அம்மாவும் நல்ல சேலை உடுத்து உங்களோடு புறப்பட வேண்டும்.

வீட்டில் கலந்து பேச:

1. சென்ற நத்தாரிலே நம் வீட்டில் அதிகம் களைத்தவர் யார்?
2. இம்முறை அவருடைய வேலையிலே நான் எதைப் பங்கெடுப்பேன்?
3. நமது பிடி அரிசிப் பானை யார் வீட்டுக்குப் போகும்?