மீன்குஞ்சுகளுக்கு உயிருள்ள ஆகாரம்

கண்ணாடித் தொட்டியில் பிறந்த மீன்குஞ்சுகள் உலர்ந்த தூளைக் காட்டிலும் அசைந்து நீந்தும் ஜீவனையே ஆவலோடு பற்றி உண்ணும் சுபாவமுடையவை ஆதலால், ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் முட்டைகளை வீட்டிலேயே பொரிக்கச் செய்து கொடுப்பது மிகுந்த பிரயோஜனமுடையது.

அடியை அறுத்து, வாயை இறுக மூடித் தலைகீழாக நிறுத்திய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் ஜலம் விட்டு, 25 முதல் 30 கிராம் வரை கல்லுப்பைக் கரைத்து, அரைத் தேக்கரண்டி முட்டைகளைத் தூவி, காற்றுக்குழாயினால் அடியிலிருந்து இடைவிடாது குமிழி எழச் செய்து, விளக்கொளியில் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் வைத்திருந்தால், ஒன்றரை நாளுக்குள் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் வெளிப்படும்.

பிறகு காற்றை நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டால் வெற்றோடுகள் மேலே மிதக்கும். ஒளியை நாடும் குஞ்சுகளோ அடியில் விளக்கைக் காட்டியதும் அங்கே திரளும். அவற்றைச் சிறு குழாயால் உறிஞ்சியெடுத்து, நெருக்கமான துணியில் வடிகட்டி, நன்னீரில் அலசிய பின்பே இடவேண்டும். தாமதம் கூடாது, பொரித்த சில மணி நேரத்திலேயே அவற்றின் உடலிலுள்ள கருச்சத்து குறையத் தொடங்கிவிடும். நன்னீரில் அவை நெடுநேரம் உயிர்வாழாமையால், உடனே தின்று தீரும் அளவே இடுக. மிஞ்சியவை அழுகித் தொட்டியைக் கெடுக்கும்.